அந்த ரெண்டாவது பேர்!

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவங்களுக்கு 'ஹல் ஹவுஸ்' புதுசில்லை. 'சிகாகோவில் 1889-ல் ஜேன் ஆடம்ஸ் ஆரம்பித்த செட்டில்மென்ட் ஹவுஸ்' என்று எழுதினால் ரெண்டு மார்க் ஷ்யூர். படித்தவர்கள் ஏழைகள் வாழும் பகுதிக்கே குடிபோய், பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்து வேலை செய்வதுதான் செட்டில்மென்ட் ஹவுஸ். அதுக்கு மேல பரீட்சை எதுவும் கேட்காது.

ஆனா, என் ஃப்ரெண்ட் கேட்டா. டிகிரியில் என் ரூம்மேட். ஃபீஸ் கட்ட வழியில்லாமல் முதல் வருஷத்தோட காலேஜை விட்டவள். இப்போ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுறா. என் நோட்ஸை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பஸ்ஸில் போகும்போது படிப்பாள். ஒருநாள் ராத்திரி வாய்ஸ் மெசேஜ்... "ஏண்டி, 'ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும்'னு ஒரே ஒரு இடத்துல எழுதியிருக்க. அப்புறம் அந்த ரெண்டாவது பேரு எங்கேயுமே வரலையே... அவ என்னடி ஆனா?"

லைப்ரரியில் உட்கார்ந்து தேட வெச்சுட்டா.

1877. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்ட் என்ற ஊர். அங்கே இருந்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார்கள் ஜேனும் எலனும். ஜேனுக்கு 17 வயசு, வசதியான வீட்டுப் பெண். எலனுக்கு 18, குடும்பத்தில் பணக் கஷ்டம். ஒரே வருஷம்தான். மேலே படிக்கப் பணமில்லாமல் எலன் டீச்சர் வேலைக்குப் போய்விட்டார்.

இதை போனில் சொன்னப்போ, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ம்... மேல சொல்லு" என்றாள்.

மேலே நடந்ததெல்லாம் கடிதத்தில்தான். வருஷக்கணக்கில் ரெண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். 'நலம், நலமறிய ஆவல்' டைப் கடிதங்கள் இல்லை. கடவுளை எப்படி நம்புவது, எதைப் படிப்பது, இந்த வாழ்க்கையை வைத்து என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக வாதம்! எலன் ஒரு நம்பிக்கையைத் தேடி அலைகிறவர். ஜேன் சந்தேகப்படுகிறவர். ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாரும் எழுதுவதை நிறுத்தவில்லை.

1881-ல் ஜேன் படிப்பை முடித்தார். அதே வருஷம் அப்பா இறந்துபோனார். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதுகுத்தண்டு வலியால் பாதியில் விட்டார். கையில் பணம் இருந்தது, செய்ய வேலை இல்லை. அடுத்த சில வருஷங்கள் பெரிய சோர்வு. 'நான் எதுக்கும் லாயக்கில்லையோ' என்ற மனநிலையை அவர் மறைக்காமல் கொட்டியது எலனுக்கு எழுதிய கடிதங்களில்தான். படிப்பைத் தொடர முடியாமல் போனவர், பட்டம் வாங்கியவருக்குத் தெம்பு சொல்லிக்கொண்டிருந்தார். நம்ம ஹாஸ்டல் கதை மாதிரியே இல்லை?

1888-ல் ஐரோப்பாவில் ஜேனும் எலனும் சேர்ந்து ஊர் சுற்றினார்கள். ஏழைகளுக்கு நடுவே ஒரு வீடு எடுத்துத் தங்கலாம் என்ற யோசனையை ஜேன் முதலில் சொன்னது எலனிடம். அப்புறம்தான் லண்டன் போய், 1884-ல் தொடங்கப்பட்ட டாயின்பீ ஹாலைப் பார்த்துவிட்டு வந்தார். 1889 ஜனவரியில் ரெண்டு பேரும் சிகாகோவில் வீடு தேட ஆரம்பித்தார்கள். எலன் அந்த ஊரில் பணக்கார வீட்டுப் பெண்கள் படிக்கும் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அந்த அறிமுகங்கள்தான் ஊர்ப் பெரிய மனிதர்களின் கதவைத் திறந்தன. ஜேனிடம் பணம், எலனிடம் பழக்கம். செப்டம்பர் 18-ம் தேதி, வீட்டு வேலைகளைக் கவனிக்க வந்த மேரி கெய்ஸரோடு சேர்த்து மூணு பேராக ஹால்ஸ்டெட் தெரு வீட்டில் குடியேறினார்கள்.

சுற்றிலும் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். பெற்ற தாய் வேலைக்குப் போனால் பிள்ளைகள் தெருவில். முதலில் பால்வாடி மாதிரி ஒரு மழலைப் பள்ளி. அப்புறம் குழந்தைகள் காப்பகம், மாலை வகுப்புகள், விளையாட்டு மைதானம். 1891 கடைசியில், கணவரின் கொடுமையிலிருந்து தப்பி மூன்று குழந்தைகளோடு வந்தார் ஃப்ளோரன்ஸ் கெல்லி. அவருக்கு இடம் கொடுத்தார்கள். குழந்தைகளை இன்னொரு நண்பர் குடும்பம் பார்த்துக்கொண்டது. கெல்லி தெருத்தெருவாக அலைந்து தொழிற்கூடங்களின் நிலைமையைப் பதிவு செய்தார். 1893-ல் இல்லினாயில் சட்டமே வந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது, பெண்களுக்கு 8 மணி நேர வேலை. அந்த 8 மணி நேரத்தை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது வேறு கதை. ஆனால், மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராகி நிமிர்ந்து நின்றார் கெல்லி. ஒரு பெண்ணுக்குத் தங்க இடமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, எலன்?

ரெண்டு பேரும் கடைசிவரை ஒட்டியே இருந்தார்கள் என்று முடித்தால் அழகாக இருக்கும். நிஜம் அப்படி இல்லை. 1890-களில் மேரி ரோஸெட் ஸ்மித் என்ற பெண் ஜேனின் வாழ்க்கைக்குள் வந்தார். 1934-ல் மேரி இறக்கும்வரை ஜேனுக்கு எல்லாமே அவர்தான். எலன் மெள்ள மெள்ள ஓரமாகப் போனார். அந்த வலி சாதாரணமாக இருந்திருக்காது. ஆனால், எலன் வீட்டை விட்டு ஓடவில்லை. லண்டன் போய்ப் புத்தகம் பைண்டிங் செய்யக் கற்று வந்து, ஹல் ஹவுஸிலேயே பட்டறை போட்டார். தையல் தொழிலாளர்களின் வேலைநிறுத்தங்களில் கூடவே நின்றார். 1914-ல் ஹோட்டல் பணிப்பெண்களின் போராட்டத்தில் கைதானார். ஜேன் பேச்சுவார்த்தைக்காரர் என்றால், எலன் தெருவில் இறங்குகிறவர். நட்பு சுருங்கிய பிறகு, அவர் இன்னும் பெரிசாகத்தான் ஆனார்.

1931-ல் ஜேனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்பே, 1929-ல் முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க முடியாமல் போயிருந்தார் எலன். கடைசிக் காலம் ஒரு கத்தோலிக்க கன்னியர் மடத்தில் கழிந்தது. 1940-ல் இறந்தார்.

ஆனால், ஜேன் எழுதிய கடிதங்களை எலன் கிழித்துப் போடவில்லை. எலனின் காகிதங்களோடு அவை இன்று மாசசூசெட்ஸில் ஸ்மித் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நோபல் வாங்கிய பெண்மணிக்கும் இருபது சொச்சம் வயசில் 'அடுத்து என்ன'ன்னு தெரியாமல் இருந்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறதே... அது அந்த ரெண்டாவது பேர் பத்திரப்படுத்தியது!

உங்க கிளாஸ்லயும் முதல் வருஷத்தோட நின்னுபோன ஒரு பேர் இருக்கும். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்ல சிவப்பு இங்க்ல அடிச்சிருப்பாங்க. உங்க போன்ல அந்த நம்பர் இன்னும் இருக்குல்ல?