மணிநாவைக் கட்டியவனும் நானும்

அகநானூற்றின் நான்காம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவருகிறேன். குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப்பாட்டு அது. கார்காலம் வந்துவிட்டது, தலைவன் தேரில் விரைந்து மீள்கிறான். அத்தனை விரைவிலும், துணையோடு தங்கித் தேனுண்ணும் வண்டுகள் ஒலிகேட்டு வெருளக்கூடாதென்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். இவ்விடத்திற்கு வரும்போது என் குரல் சற்றே உயர்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "இப்படியொரு தேரோட்டியை வேறெந்த இலக்கியத்திலாவது காட்ட முடியுமா?" என்று கேட்பேன்.

சென்ற ஆண்டும் கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னைக்குக் காலைல பைபாஸ் சிக்னல்ல எனக்குப் பின்னால ஹாரன் அடிச்சது நீங்கதான்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அவன் சொன்னது உண்மை. சிவப்பு விளக்கு எரிந்தது; குறுக்குச்சாலையோ வெறிச்சோடிக் கிடந்தது. முன்னால் தலைக்கவசம் அணிந்த ஓர் இளைஞன் அசையாமல் நின்றான். மூன்றுமுறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இடப்புறமாக ஒடித்துக் கடந்து போய்விட்டேன். என் தலைக்கவசம் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. காவலர் நிற்பது அடுத்த சந்திப்பில்தானே!

தலைக்கவசம் கட்டாயம் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டு, 2015 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? வாங்கினோம், பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக்கொண்டோம். 2022இல் அபராதம் ஆயிரம் ரூபாயானதும் காவலர் கண்ணில்படும் தொலைவுக்கு மட்டும் தலையில் ஏற்றினோம். நமக்கு அச்சம் காவலரிடம்தான், சாலையிடம் இல்லை. அந்த 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 17,884 பேர்.

வீட்டுக்கு வந்தவரை 'முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்' என்று உபசரிக்கிற நாம், வண்டியில் ஏறியதும் ஓரடியும் விட்டுக்கொடுப்பதில்லை. நின்றவன் ஏமாளி, புகுந்தவன் கெட்டிக்காரன். பேருந்துக்குக் கார் ஒதுங்கவேண்டும், காருக்கு இருசக்கர வண்டி, அதற்கு நடப்பவர். சாலையிலும் ஒரு வருணாசிரமம் வைத்திருக்கிறோம் போலும். மனுநீதிச் சோழன் கதையிலும் தந்தையின் நீதியைத்தான் வியக்கிறோம். மகன் என்ன வேகத்தில் தேரோட்டினான் என்று இத்தனை ஆண்டுகளில் எந்த மாணவனும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அன்று மாலை அந்த மாணவன் துறை அறைக்கு வந்தான். வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்படி ஆகிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். "பரவாயில்லை, தம்பி. ஆளில்லாத ரோட்டில் அப்படி ஏன் நின்றாய்?" என்றேன். சிறிது தயங்கினான்.

"அப்பா விடியக்காலைல பால் எடுத்துட்டுப் போவாங்க, ஐயா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் சிக்னல்ல நிக்காமப் போயிட்டாங்க. ரெண்டு பக்கமும் ரோடு காலியாத்தான் இருந்துச்சாம்."

குற்றம்சாட்டும் தொனி அதில் துளியும் இல்லை. நான் அமர்ந்தபடியே இருந்தேன். வருகைப்பதிவில் ஏதோ திருத்தம் வேண்டுமென்றான், செய்துகொடுத்தேன். வணங்கிவிட்டுப் போனான்.

இப்போதெல்லாம் அந்தச் சிக்னலில் நிற்கிறேன். பின்னால் வருவோர் அடிக்கும் ஹாரன் முதுகில் அறைவதுபோல் இருக்கிறது. சிலர் கடந்து போகையில் திரும்பி முறைக்கவும் செய்கிறார்கள்.

அடுத்த வாரம் மீண்டும் அந்த நான்காம் பாடல். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.