பணிவிடை செய்வோருக்கும் துணை வேண்டும்

நோயாளிக்கு ஆறுதல் கூறுவோர் பலர் உளர். அவருக்குப் பணிவிடை செய்வோருக்கு ஆறுதல் கூறுவோர் யார்? உப்பிலியபுரத்திலுள்ள எங்கள் இல்லத்திற்குள் இக்கேள்வி ஒரு நள்ளிரவில் தொலைபேசி வழியே நுழைந்தது.

என் தமக்கையின் மகள் செவிலியர். சில ஆண்டுகளுக்கு முன், எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருக்கு அவள் இரத்தம் எடுக்கையில், அவர் திடுக்கிட்டுக் கையை இழுக்க, ஊசி அவளது விரலில் தைத்துவிட்டது. "காலையில் பார்த்துக்கொள்ளலாம், வெளியே சொல்லாதே" என்றாராம் மேற்பார்வையாளர். "சித்தி, இனி நான் பிள்ளையைத் தூக்கலாமா?" என்று அழுதாள். "விடியும்வரை காத்திராதே அம்மா, இப்போதே அரசு மருத்துவமனைக்குப் போ" என்றேன்.

அங்கிருந்த மருத்துவர் முதலில் அவளை அமரச் செய்து, "பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்" என்றார். மருந்தைவிட அச்சொல்லே அவளுக்கு முதல் மருந்தாயிற்று. பிறகு விளக்கினார். இத்தகைய ஊசிக் காயம் அடைவோருள் ஏறத்தாழ ஆயிரத்தில் மூவருக்கே தொற்று ஏற்படுகிறது. காயத்தைப் பிதுக்கலாகாது, சோப்பும் நீரும் கொண்டு கழுவினாற் போதும். தடுப்பு மருந்தின் முதல் வேளையை இரண்டு மணி நேரத்திற்குள் உட்கொள்வது நலம். 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. மருந்தை 28 நாள் விடாது உட்கொள்ள வேண்டும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல் எத்துணைக் கொடியது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஆறு மாதம் கழித்துச் செய்த சோதனையிலும் தொற்று இல்லை.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக அறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு, டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தார். அந்நாளில் தொற்றுக்கு மருந்தில்லை. பணியாளருக்கு அச்சமே மிகுதி. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, மருத்துவப் பணியாளருக்குப் பாதுகாப்புச் சாதனங்களும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் அளிப்பதை நிறுவனத்தின் கடமையாக்கிற்று. செவிலியராகப் பணிபுரியும் மகளை உடையோர், அவள் பணியிடத்தில் அம்மருந்து எந்த அலமாரியில் உள்ளது, இரவில் அதன் சாவி யாரிடம் உள்ளது என்று கேட்டறிவது நல்லது. கேட்பதில் வெட்கமில்லை.

மருத்துவருக்கும் ஐயம் எழும். அமெரிக்காவில் 1990களிலேயே, சான் பிரான்சிஸ்கோவிலிருந்த வல்லுநரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்கும் ஏற்பாட்டைத் தொடங்கினர். நம் நாட்டிலும், மருந்து பலிக்காத நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை மையத்து மருத்துவர் மாநில நிபுணர் குழுவுக்கு அனுப்பி வழிகேட்கிறார்.

எனினும், நம்பிக்கை மையங்களில் அமர்ந்திருக்கும் ஆற்றுப்படுத்துநரை எண்ணிப் பாருங்கள். புதிதாய்த் தொற்றறிந்தவர் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று அழுவார். மற்றொருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு மெலிந்து வந்து நிற்பார். இரகசியம் காக்க வேண்டியிருப்பதால், இவற்றில் ஒன்றையும் அவர் தம் வீட்டில் சொல்ல இயலாது. மருத்துவருக்கு நிபுணர் குழு உள்ளதுபோல, உங்கள் பாரத்தை இறக்கிவைக்க யாரேனும் உண்டா என்று, துறையூர்ப் பேருந்து நிலையத்தில் சந்தித்த ஆற்றுப்படுத்துநர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "உடன் பணிபுரியும் அக்கா ஒருவர் இருந்தார்; மாற்றலாகிப் போய்விட்டார்" என்றார்.