இடப்புறத்து இடுக்கு

தாபோடியிலிருந்து புனே இரயில் நிலையம் வரை சாலை வழியே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். முதலில் முளா ஆற்றின்மேல் ஹாரிஸ் பாலம். 1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநராக இருந்த பிரபுவின் பெயர் அது. ஆட்சியைவிடக் கிரிக்கெட்டில் அவருக்கு நாட்டம் மிகுதி என்று அக்காலத்திலேயே குறை கூறியோர் உண்டு. பாலம் கடந்தால் போபோடி, அடுத்துக் கட்கி, பிறகு வாகடேவாடி, சிவாஜிநகர். 1854-இல் தோன்றிய பொறியியற் கல்லூரியை ஒட்டி வந்து, சங்கம் பாலத்தில் முட்டா ஆற்றைத் தாண்டினால் நிலையம் அண்மையில்தான். முளாவும் முட்டாவும் கூடுமிடம் அப்பாலத்தருகே உளது. மழைக்காலத்துக் காலைகளில் அங்கே ஒரு நிமிடம் நின்று நீரைப் பாராமல் சென்றவர் இருப்பின், அவர் அலுவலகத்துக்கு நேரங்கழித்துப் புறப்பட்டவராகவே இருத்தல் வேண்டும்.

இச்சாலை நம்மவர்க்குப் புதிதன்று. கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-இல் ஏற்பட்டது. தொழிற்சாலை, படைத்துறை, இரயில்வே என்று வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வட்டாரத்தில் வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பெரியவர்களைக் கேட்டால், சங்கு ஊதியதும் வாயிலிலிருந்து வெளிப்படும் சைக்கிள் வெள்ளத்தைப் பற்றிக் கண்கள் விரியக் கூறுவர். அந்நாளில் புனேக்கே சைக்கிள் நகரம் என்று பெயர். பின்னர் ஸ்கூட்டர் வந்தது. 1972-இல் லூனா வந்தது. மிதிப்பார் தொகை குறைந்தது. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் நகராட்சி மிதிவண்டிகளுக்கென விரிவான திட்டம் ஒன்றை ஏற்றது. அதே காலத்தில் வாடகைச் சைக்கிள்கள் பல நிறங்களில் தெருவோரங்களில் நின்றன. சில ஆண்டுகளுக்குள் நின்ற சுவடின்றி மறைந்தன. ஆயினும் காலை 7 மணிக்கு ஹாரிஸ் பாலத்தின்மேல் நின்று பார்ப்போர்க்குச் சைக்கிள் இன்னும் சாகவில்லை என்பது தெரியும். பால்காரர், காவலாளர், கட்டட வேலையாளர், பள்ளிப் பிள்ளைகள், எம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் சிலர்.

இவ்வனைவரையும் ஒன்றாக்குவது ஒரு பழக்கம். முன்னே பஸ்ஸும் லாரியும் காரும் நெருங்கி ஆமை வேகத்தில் ஊரும்போது, அவற்றின் இடப்பக்கத்துக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே ஒன்றரை முழ இடுக்கு ஒன்று தென்படும். அதில் புகுந்து முன்செல்வதே எம் வழக்கம். பத்து வண்டிகளைப் பின்தள்ளி விளக்குக் கம்பத்தின் கீழே முதலாளாய் நிற்கும்போது உண்டாகும் பெருமிதம் இருக்கிறதே, அதனை மோட்டார்க்காரர் ஒருபோதும் அறியார். மாதச் சம்பளக்காரனுக்கு உலகில் வாய்க்கும் முந்துரிமை அது ஒன்றுதான் போலும்!

2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அப்பெருமிதம் எம்மை விட்டு நீங்கியது. அப்போது மெட்ரோ இரயிலுக்காகச் சாலை நடுவே தகரத் தடுப்புகள் நின்றன. இருந்த சாலையில் பாதிதான் எஞ்சியிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. கட்கிக்கு அருகே, இடப்புறம் கிளைச்சாலை ஒன்று பிரியுமிடத்தில், நீண்ட லாரி ஒன்று நின்றது. அதன் இடப்பக்கத்தில் வழக்கம்போல் நுழைந்தோம். நடுப்பகுதியை அடைந்தபோது லாரி நகரத் தொடங்கிற்று. முன்பக்கம் சற்று வலப்புறமாகச் சென்றதால், அது நேரே போகிறது என்றே எண்ணினோம். மறுகணம் அதன் மூக்கு இடப்புறம் திரும்பிற்று. பின்சக்கரங்களோ முன்சக்கரங்கள் சென்ற வழியில் வாராமல், குறுக்கே அறுத்துக்கொண்டு எம்மை நோக்கி வந்தன. இடுக்கு ஒன்றரை முழத்திலிருந்து ஒரு முழமாயிற்று. பிறகு அதுவும் இல்லை.

யாரோ எம் சைக்கிளின் கேரியரைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார். எம் கால் சேற்றில் ஊன்றியது. முன்சக்கரத்தின் மட்கார்டு லாரியின் சக்கரத்தில் பட்டு நெளிந்தது, அவ்வளவுதான். இழுத்தவர் காந்திக் குல்லாய் அணிந்த முதியவர் ஒருவர். அவரும் சைக்கிளில் வந்தவரே. ஆனால் லாரியின் பின்னே நின்றவர். "டாவீகடூன் நகோ, பாவூ" என்றார். 'இடப்பக்கமாக வேண்டாம், தம்பி' என்பது பொருள். பெயரைக் கேட்கவும் நா எழவில்லை. அவர் ஏறி மிதித்துச் சென்றுவிட்டார். லாரி ஓட்டுநருக்கு நிகழ்ந்தது எதுவும் தெரியாது. அவர்மேல் எமக்குச் சினமும் இல்லை. வலக்கோடியில் உயரத்தில் அமர்ந்திருப்பவருக்கு இடப்பக்கத்தின் அடியில் ஊர்ந்து வருபவன் கண்ணுக்குப் புலப்படான். கண்ணாடியும் அவ்விடத்தை முழுதும் காட்டுவதில்லை.

இரண்டு தண்டவாளங்கள் சேருமிடத்தில் அவற்றிற்கிடையே வெண்ணிறக் குறி ஒன்று இருப்பதை இரயில் நிலையங்களில் அன்பர்கள் கண்டிருக்கலாம். 'ஃபவுலிங் மார்க்' என்போம். ஒரு தடத்தில் நிற்கும் பெட்டி அக்குறிக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருந்தால், அடுத்த தடத்தில் வரும் வண்டி அதன்மேல் உராயும். குறிக்கு உள்ளேயே நிறுத்தவேண்டும் என்பதில் எங்கள் துறையில் வாதத்துக்கு இடமில்லை. நாள் முழுவதும் அத்தகைய ஒழுங்குகளுக்கிடையே உழலும் யாம், வாயிலை விட்டு வெளியே வந்ததும் குறியே இல்லாத இடுக்கில் உடலை நுழைத்து வந்தோம். எம் பேதைமையை என்னென்பது!

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன்பின்னரே தேடினோம். 1989-இல் வெளியான சாலை விதிகள், முன்செல்லும் வண்டியை வலப்புறமாகவே கடக்கவேண்டும் என்றன. விலக்குகள் இரண்டு. முன்வண்டி வலப்பக்கம் திரும்பப்போவதாகக் குறி காட்டிச் சாலையின் நடுவுக்கு வந்துவிட்டால், அதன் இடப்பக்கமாகச் செல்லலாம். மற்றொன்று டிராம் வண்டி. பிறர்க்கு இடையூறு நேராவண்ணம் அதனை எப்பக்கமும் கடக்கலாம். கல்கத்தாவில் வாழ்ந்த அன்பர்கள் இதனைப் படித்துப் புன்னகை செய்வர். 2017-இல் இவ்விதிகளுக்கு மாற்றாகப் புதிய ஓட்டுநர் விதிகள் வந்தன. சைக்கிளோ சட்டத்தின்படி மோட்டார் வண்டியன்று. அதற்கு ஓட்டுரிமமும் இல்லை, பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. நம் தந்தையர் காலத்துத் தமிழ்நாட்டு நகராட்சிகளிலாவது சைக்கிளுக்கு வில்லை வாங்கவேண்டும். விளக்கில்லாமல் சென்றாலும் இருவர் ஏறிச் சென்றாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். இன்று அந்த அச்சமும் இல்லை.

இடப்பக்கம் செல்லும் வழக்கத்தை நமக்கு விட்டுச்சென்ற பிரிட்டனில், 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சாலை விதித்தொகுப்பு, மெல்ல ஊரும் அல்லது நின்றுவிட்ட வண்டிகளைச் சைக்கிளோட்டி இருபக்கமும் கடக்கலாம் என்று கூறுகிறது. இதனைக் கேட்டு எம் அலுவலக நண்பர் ஒருவர், "பார்த்தீரா ஐயா, யாம் செய்ததே முறை!" என்று துள்ளினார். ஆனால் அதே வரியின் தொடர்ச்சியில், சந்திப்புகளில் கவனம் வேண்டும் என்றும், லாரி முதலிய பெரிய வண்டிகளைக் கடக்குமுன் நன்கு எண்ணவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நண்பர் அதுவரை படிக்கவில்லை.

எம் கருத்து இது. விளக்கு சிவந்து வரிசை அசையாமல் நிற்கும்போது, கார்களின் ஓரமாக நடை வேகத்தில் செல்வதைத் தவறென்று கூறமாட்டோம். கதவு திடீரெனத் திறக்கும் என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும். பஸ்ஸின் இடப்பக்கமோ மனிதர் இறங்கும் பக்கம். கைக்குழந்தையோடு படியிலிருந்து கால் வைக்கும் பெண்மணி, அங்கே சைக்கிள் வரும் என்று எவ்வாறு எதிர்பார்ப்பாள்? அங்கே காத்திருத்தலே முறை. லாரியின் பக்கவாட்டில், அதுவும் திருப்பத்தில், ஒருபோதும் நிற்றல் ஆகாது. அதன் பின்னே, ஓட்டுநரின் கண்ணாடியில் நம் முகம் தெரியும் தொலைவில் நிற்கலாம். அவர் கண்ணாடி நமக்குத் தெரியவில்லை என்றால், நாம் அவருக்குத் தெரியவில்லை. ஆட்டோ ரிக்‌ஷாவைப் பற்றி எழுதி அன்பர்களின் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. யாரேனும் கை காட்டினால் அது எத்திசையிலும் பாயும்.

2022-ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. அவர்களுள் மிதிவண்டியில் சென்றவர் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர். சிறு பங்கு எனலாம். 3 என்று பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ ஐயாயிரம் ஆகிறது. 2011-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கு, நாட்டின் குடும்பங்களில் நூற்றுக்கு 45 அளவில் சைக்கிள் உள்ளதென்று கூறிற்று. கார் இருந்த குடும்பங்களோ 5-க்கும் குறைவு. சாலையை அமைப்போர் கண்ணுக்கு இக்கணக்கு ஏன் தென்படுவதில்லை என்பது எம் நெடுநாளைய ஐயம். 2023 ஆகஸ்டு முதல் மெட்ரோ வண்டிகள் எம் தலைக்குமேல் ஓடுகின்றன. கீழே, ஒன்றரை முழ இடுக்கு அப்படியே இருக்கிறது.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் எம் மகள். வரும் ஜூனில் ஏழாம் வகுப்புக்குச் செல்கிறாள். பள்ளிக்குச் சைக்கிளில் போவேன் என்கிறாள். வேண்டாமென்று கூற எமக்கு வாயில்லை. எனவே ஞாயிறுதோறும் இருவரும் ஹாரிஸ் பாலம் வரை சென்று வருகிறோம். போன வாரம் பாலத்தின் இறக்கத்தில் பஸ் ஒன்று நின்றது. அவள் அதன் பின்னே நிறுத்திக் காலூன்றினாள். எங்கள் இடப்பக்கமாக நான்கைந்து சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு பஸ்ஸுக்கும் விளிம்புக்கும் இடையே நுழைந்து சென்றன. அவற்றுள் ஒன்றை ஓட்டியவன் அவளைவிடச் சிறியவன்.

"அப்பா, எல்லோரும் போகிறார்களே! ஒருவரும் விழவில்லையே!" என்றாள்.

இருபது ஆண்டுகள் யாமும் விழவில்லை என்று கூறினோம். நெளிந்த மட்கார்டை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறோம். அவள் அதனைக் குனிந்து பார்த்தாள். மறுமொழி சொல்லவில்லை. பஸ் புகையைக் கக்கிவிட்டுப் புறப்பட்டது; அது சற்றுத் தொலைவு சென்றபின் பெடலில் கால் வைத்தாள்.

அவள் சைக்கிளுக்குப் புதிய பிரேக் கட்டையும் பின்விளக்கும் வாங்கியாயிற்று. அவள் தாய் இன்னும் ஒப்பவில்லை. பள்ளி திறக்க மூன்று ஞாயிறுகள் உள்ளன.