புளியமரம் கற்றுத்தந்த லத்தீன்

தாவரவியல் படித்த காலத்தில் லத்தீன் பெயர்களைக் கண்டாலே எனக்கு வெறுப்பு. பொருள் புரியாமல் உருப்போடுவேன், தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். அந்த வெறுப்பைத் தீர்த்து வைத்தது ஒரே ஒரு பெயரடை.

உலர்த்தி ஒட்டிய செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மாவுக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா, நன்னாரிக்கு ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ், எள்ளுக்கு செசாமம் இண்டிகம். மூன்றும் 'இந்தியாவுக்கு உரியது' என்றுதானே சொல்கின்றன, ஈறு மட்டும் ஏன் மாறுகிறது என்று பேராசிரியரிடம் கேட்டேன். "முன்னாடி இருக்கிற பேரைப் பாரும்மா. அது ஆண்பாலா, பெண்பாலா, ரெண்டும் இல்லையான்னு பார்த்துத்தான் பின்னாடி வர்றது மாறும்" என்றார்.

நம் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரம். 'நல்ல' அசைவதே இல்லை. லத்தீனில் பெயரடையும் பால் காட்டியாக வேண்டும். தாவரப் பெயர்களுக்கான பன்னாட்டு விதிகளும் அதையே வற்புறுத்துகின்றன. நன்னாரிக்கு 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் பெரிப்ளோகா இண்டிகா. பின்னர் ஹெமிடெஸ்மஸ் என்ற பேரினத்துக்கு மாற்றியபோது 'இண்டிகா' இண்டிகஸ் ஆகிவிட்டது. செடி அதேதான்.

இவ்வளவும் புரிந்த பிறகு புளியமரம் குழப்பியது. டமாரிண்டஸ் இண்டிகா! 'அஸ்' என்று முடிகிற பெயருக்குப் பின்னால் பெண்பால் ஈறு எப்படி? லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், ஈறு 'அஸ்' ஆனாலும் சரி. அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா ஆனதும் அதனால்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் தந்ததில்லை.

பிறகு நானாகவே வேரைத் தேடிப் போனேன். நம் சிந்து நதி, பாரசீகர் நாவில் 'ஹிந்து', கிரேக்கரிடம் 'இந்தோஸ்'. அதிலிருந்து வந்ததுதான் லத்தீனின் இண்டிகஸ். புளியின் முதற்பெயரோ அரபியின் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. ஆக, ஒரே பெயருக்குள் இந்தியா இரண்டு முறை இருக்கிறது. மரத்தின் பூர்வீகமோ வெப்பமண்டல ஆப்பிரிக்கா! பெயர் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு செடி எங்கே முளைத்தது என்பதைவிட, மனிதர் கைக்கு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையே பல பெயர்கள் பதிந்து வைத்திருக்கின்றன. அரபு நாட்டாருக்குப் புளி இந்தியச் சரக்கு. அவர்கள் வைத்த பெயரில் அந்த வணிகம் இன்னும் இருக்கிறது.