ஆயும் கைகள்

ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதிகளில் தொடர்மாடிக் கட்டடங்கள் மெல்ல மறைந்து வயல்வெளிகள் தொடங்கும். யூன் மாத நடுப்பகுதி வந்துவிட்டால் அந்த வீதியோரங்களில் சில பலகைகள் முளைத்துவிடும். சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்ரோபெரிப் பழத்தை வரைந்து, ‘நீங்களே பறித்துக்கொள்ளலாம்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஓர் அம்புக்குறியும் இட்டிருப்பார்கள். அந்த அம்புக்குறியைத் தொடர்ந்து சென்றால் ஒரு பண்ணை; பண்ணை வாசலில் ஒரு தராசு; அப்பால் வரிசை வரிசையாகப் பாத்திகள். உள்ளே சென்று, வேண்டியதை வேண்டிய அளவு நம் கையாலேயே பறித்து, வெளியே வரும்போது நிறுத்துப் பணம் கொடுத்துவிட்டு வரலாம்.

ஒன்ராறியோ மாநிலத்தில் தமிழ் மக்களிடையே பணியாற்றக் கிடைத்த ஆண்டுகளில் இத்தகைய பண்ணைகள் பலவற்றிற்குப் பங்கு மக்களுடன் சென்றுவரும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ஒரு பொழுதுபோக்காகத் தொடங்கிய அப்பயணங்கள் நாளடைவில் சிந்தனைக்குரிய பல கேள்விகளை எம்முள் எழுப்பின.

இவ்வழக்கம் வட அமெரிக்காவில் தோன்றியது இன்பச் சுற்றுலாவுக்காக அன்று. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பழங்களின் விலை சரிந்தது. பறிப்பதற்கும் பெட்டியில் அடைப்பதற்கும் சந்தைக்கு ஏற்றுவதற்கும் ஆகும் செலவு, விற்று வரும் பணத்தை விஞ்சியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் இதே நெருக்கடி தொடர்ந்தது. பழம் மரத்திலேயே அழுகுவதைக் காண மனம் பொறாத விவசாயி, வாங்குபவரையே தோட்டத்துக்குள் அழைத்தான். கூலியும் பெட்டியும் வண்டியும் மிச்சமாயின; வாங்குபவருக்கும் விலை குறைந்தது. ஆயினும் அவனுக்கு இதில் இழப்பும் உண்டு. பழக்கமில்லாத கால்கள் செடிகளை மிதிக்கும். பறித்தவற்றில் ஒரு பங்கு வாய்க்குள் போகும். கண்ணுக்குத் தப்பிய பழங்கள் வீணாகும். இவையனைத்தையும் கணக்கிற்கொண்டே அவன் வாசலைத் திறந்து வைக்கிறான்.

பண்ணையைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. எமது பங்கில் ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் கூடும் தாய்மார்களிடம் அக்கலை இருந்தது. எந்தப் பண்ணையில் கத்தரியும் மிளகாயும் உண்டு, எங்கே உள்ளே செல்லவே கட்டணம் கேட்பார்கள், எங்கே சொந்தப் பாத்திரம் கொண்டுபோகலாம் என்பவையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மாநில அரசு 1977ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஃபூட்லான்ட் ஒன்ராறியோ’ என்னும் திட்டம், உள்ளூர் விளைபொருள்கள் எந்தெந்த மாதங்களில் கிடைக்கும் என்று அட்டவணையிட்டுத் தருகிறது. யூனில் ஸ்ரோபெரி, யூலையில் செர்ரியும் ராஸ்பெரியும், ஓகஸ்டில் சோளமும் தக்காளியும், செப்ரெம்பரில் அப்பிள், ஒக்ரோபரில் பூசணி. ஆனால் அட்டவணை பருவத்தைத்தான் சொல்லும், பாத்தியைச் சொல்லாது. முந்தைய நாள் மழை பெய்ததா, காலையில் வந்த கூட்டம் பழுத்தவற்றையெல்லாம் பறித்துவிட்டதா என்பதை அறியப் பண்ணைக்கே தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். வெயில் ஏறுமுன் போய்ச் சேருவதும் நல்லது.

யாழ்ப்பாணத்தில் நாம் பறிப்பதை ‘ஆய்தல்’ என்போம். மாங்காய் ஆய்கிறோம், பூ ஆய்கிறோம், கத்தரிக்காய் ஆய்கிறோம். அதே சொல்தான் நுணுகி ஆராய்வதையும் குறிக்கிறது. தேர்ந்து பாராமல் பறிப்பது பறிப்பாகாது என்று நம் முன்னோர் கருதினர் போலும். அப்பண்ணைகளில் இச்சொல்லின் பொருள் எமக்கு நன்கு விளங்கிற்று. ஸ்ரோபெரி பறித்த பின் பழுப்பதில்லை. ஆகவே காம்போரம் வரை சிவந்ததையே தேட வேண்டும். பழத்தைப் பிடித்து இழுக்காமல், பச்சை இதழ்களுக்கு மேலே காம்பை நகத்தால் கிள்ள வேண்டும்.

அப்பிளுக்கு வேறு முறை. அதன் பழம் ஒரு குறுங்கிளையில் தொங்கும். அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய அரும்பும் அந்தக் குறுங்கிளையிலேயே இருக்கும். பழத்தைக் கீழ்நோக்கி இழுத்தால் அரும்பும் சேர்ந்து முறிந்துவிடும். உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி உயர்த்தி, இலேசாகத் திருகினால் பழம் தானாகவே கைக்குள் வரும். இங்கிலாந்தின் ஈஸ்ற் மோலிங் ஆய்வு நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகைப்படுத்தித் தந்த குட்டை வேர்த்தண்டுகளில் ஒட்டியதால், இன்றைய மரங்கள் ஏணி தேவைப்படாத உயரத்திலேயே காய்க்கின்றன. சிறு பிள்ளையும் நின்றபடி பறிக்கலாம். ஒன்ராறியோவின் டண்டேலா என்னும் ஊரில் 1811ஆம் ஆண்டளவில் ஜோன் மக்கின்ரொஷ் என்னும் குடியானவர் காடு வெட்டுகையில் கண்டெடுத்த ஒரு கன்றின் வழித்தோன்றல்களே, இன்று அவர் பெயரால் விளங்கும் அப்பிள் மரங்கள் யாவும். அன்று அக்கன்றை அவர் பிடுங்கி எறிந்திருந்தால் அந்த இனமே இல்லை.

ஒரு செப்ரெம்பர் மாதச் சனிக்கிழமை எம்முடன் வந்தவர்களில் எழுபது வயது கடந்த ஒரு தாயும் இருந்தார். தெல்லிப்பழைச் செம்மண்ணில் தோட்டஞ் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் ஒருவர். பிள்ளைகள் அழைத்துக்கொண்டதால் கனடாவுக்கு வந்து, பதினான்காம் மாடியில் ஒரு யன்னலோரத்தில் காலத்தைக் கழித்து வந்தார். வீட்டில் அவர் அதிகம் பேசுவதில்லை என்று மகள் எம்மிடம் கவலைப்பட்டதுண்டு. மிளகாய்ப் பாத்தியைக் கண்டதும் அவர் குனிந்தார். இரண்டு கைகளாலும் ஆயத் தொடங்கினார். பேரப்பிள்ளைகள் ஒரு வாளியை நிரப்புமுன் அவருடைய மூன்று வாளிகள் நிரம்பிவிட்டன. ஒரு கிளையும் முறியவில்லை.

நிமிர்ந்தவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். “சுவாமி, அங்கை ஆயிறதுக்கு ஆள் பிடிச்சு நாங்கள் காசு குடுத்தனாங்கள். இஞ்சை ஆயிறதுக்கு வாற ஆக்கள் காசு குடுக்கினம். உலகம் தலைகீழாய்ப் போச்செல்லோ?” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்ன அச்சொற்கள் எமக்கு விளையாட்டாகப் படவில்லை. ஏனெனில் அதே பண்ணையின் மறுபுறத்தில், வேலிக்கு அப்பால், வேறு சிலர் அதே அப்பிளைப் பறித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் ஜமெய்க்காவிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1966ஆம் ஆண்டு 264 ஜமெய்க்கர்களுடன் தொடங்கிய பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் 1974ஆம் ஆண்டு மெக்சிக்கோவும் இணைந்தது. இத்திட்டத்தின் கீழ் வருவோர் ஆண்டில் எட்டு மாதங்கள் வரை தங்கி உழைக்கலாம். பின்னர் நாடு திரும்பிவிட வேண்டும். மனைவி மக்களை உடன் அழைத்துவர இடமில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாக இவ்வாறு வந்துபோகிறவர்களும் உளர். வேலிக்கு இப்பால் ஒரு குடும்பம் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறது. அப்பால் ஒரு தந்தை, தன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக மூடைப்பையைத் தோளில் மாட்டி நிற்கிறான். நாம் ஒரு மணி நேரம் குனிந்துவிட்டு முதுகைத் தடவுகிறோம். அவன் மாலை வரை குனிகிறான். பறித்தல் ஒருவர்க்கு விளையாட்டும் மற்றவர்க்கு வயிற்றுப்பாடும் ஆவது எதனால்?

இக்கேள்விக்கு எளிய விடை எம்மிடம் இல்லை. ஆனால் ஒரு மணி நேரமேனும் குனிந்தவன், கடையில் அடுக்கிவைத்த பழத்தை முன்போல் பார்க்க மாட்டான். அதன் விலையில் யாருடைய முதுகு அடங்கியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

தோட்டத்துக்குள் அயலான் நுழைவதைப் பற்றித் திருநூலும் பேசுகிறது. அயலானின் திராட்சைத் தோட்டத்துள் செல்பவன் பசியாறும் வரை உண்ணலாம், பாத்திரத்தில் மட்டும் போடலாகாது; கதிரைக் கையால் கொய்யலாம், அரிவாள் வைக்கலாகாது என்று இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரம் வகுக்கிறது. ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்ற சீடர்களைப் பரிசேயர் குறை கூறியது நாளைப் பற்றித்தான். களவு என்று அவர்களும் சொல்லவில்லை. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்குமாறு லேவியர் நூல் பணிக்கிறது. அந்த ஓரத்தில்தான் ரூத்து கதிர் பொறுக்கினாள். உடைமை உரியவனுடையதே, ஆயினும் பசித்தவனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. பறிக்கும்போது ஓரிரு பழங்களைச் சுவைப்பதைப் பல பண்ணைக்காரர்கள் கண்டும் காணாமல் விடுவதைப் பார்க்கையில், அப்பழைய நியாயத்தின் ஒரு சிறு நிழல் அங்கே படிந்திருப்பதாகவே எமக்குத் தோன்றியது.

ஆனால் வாசலைத் திறந்துவைக்கத் தோட்டம் என்று ஒன்று இருக்க வேண்டுமே! இன்றைய ஸ்காபரோவும் மார்க்கமும் ஒருகாலத்தில் வயல்களே. நகரம் பரவப் பரவப் பண்ணைகள் பின்வாங்குகின்றன. இதனைத் தடுக்கவே 2005ஆம் ஆண்டில் ஒன்ராறியோ அரசு சட்டமியற்றி, ஏறத்தாழ 18 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பசுமை வளையமாகக் காத்தது. 2022இன் இறுதியில் வீடு கட்டவென அதிலிருந்து ஏறத்தாழ 7,400 ஏக்கரை விடுவிக்க அரசு முனைந்தபோது மக்கள் எதிர்த்தனர். 2023 செப்ரெம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. வீடும் வேண்டியதுதான், புதிதாக வந்திறங்கிய நம் மக்களுக்கே அது பெருந்தேவை. எனினும் ஒருமுறை கல் பாவிய மண் மீண்டும் தோட்டமாவதில்லை.

மண் பற்றிய இதே கேள்வி அந்தத் தாயின் வீட்டிலும் இருந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் வலிகாமம் வடக்கில் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுள் அவருடையதும் ஒன்று. இனி யார் போய்த் தோட்டஞ் செய்யப் போகிறார்கள், விற்றுவிடுவோம் என்று பிள்ளைகள் அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதிவைத்திருந்தனர். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பிள்ளைகளைக் குறைகூற எம்மால் முடியவில்லை. அவர்களுக்கும் கடன் இருந்தது. சில வாரங்களின் பின் அவர் எம்மிடம் வந்தார். “சுவாமி, நான் ஒப்பம் வைக்கேல்லை. ஆரும் கஷ்டப்பட்டுத் தோட்டஞ் செய்யிறவனுக்குக் குத்தகைக்குக் குடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். காய்க்கிற காலத்திலை வழியாலை போற பிள்ளையள் ரெண்டு ஆய்ஞ்சு தின்னட்டும்” என்றார். வேதநூலைப் புரட்டிச் சட்டத்தைத் தேடியவர்கள் நாம். அவரோ அதைத் தம் காணியிலேயே எழுதிவிட்டார்.

இவ்விதழை வாசிப்போரில் பலருக்கு ஊரில் இன்னமும் ஒரு துண்டு நிலம் இருக்கும். கிணறு தூர்ந்து, வேலி சரிந்து, பற்றை மண்டிக் கிடக்கலாம். அதனை விற்பதோ வைத்திருப்பதோ அவரவர் சூழ்நிலையைப் பொறுத்தது. அதில் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஒன்றை மட்டும் வேண்டுவோம். முடிவெடுக்குமுன் பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஒரு முருங்கைக்காயையாவது அவர்கள் கையால் ஆயட்டும். அந்த மண்ணில் உழைத்தவர் யார், இன்று அதில் உழைக்கக் காத்திருப்பவர் யார் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பழத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். வரும் ஆண்டின் அரும்பை முறிக்க நமக்கு உரிமையில்லை.