சட்டத்துக்குள் அடங்காத கோபுரம்

காளையார்கோவிலில் ஓர் அப்பத்தா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தை பிறந்ததும் சின்ன மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. "எல்லாம் சரித்தான். காலையில எந்திரிச்சா கோபுரம் தெரியாதே" என்பது ஒன்றுதான் அவருடைய குறை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி, கோபுரத்தையே கிராஸ் ஸ்டிச்சில் போட்டுக் கொடுத்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்தது ஆவணியில். கையில் இருந்தது ஐந்தே மாதம்.

அதுவும் எந்தக் கோபுரம்? இரண்டு ராஜகோபுரங்களில் பெரியது. மருது சகோதரர்கள் கட்டியது, உயரம் 150 அடிக்கு மேல். மானாமதுரையிலிருந்து ஜனங்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு செங்கல்லாகக் கை மாற்றியே கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கிராஸ் ஸ்டிச்சும் ஏறக்குறைய அந்த வேலைதான். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி, அடுத்த கட்டத்துக்கு அடுத்த குறி.

கிராஃப் தாளில் வரைந்து பார்த்ததில் அகலம் 150 கட்டம், உயரம் 210 கட்டம் வந்தது. வீட்டில் தாத்தா காலத்துத் தேக்குச் சட்டம் ஒன்று சும்மா கிடந்தது. உள்ளளவு 12 அங்குலத்துக்கு 16. அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் முதல்முறை போடுகிறவர்கள் எல்லோரும் முழிப்பார்கள். 'இந்தப் படம் எத்தனை அங்குலம்?' என்று கேட்பார்கள். படத்துக்கு அங்குலமே கிடையாது! அதற்கு இருப்பது கட்டம் மட்டும். அங்குலம் இருப்பது துணியில். ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்பதைத்தான் கவுண்ட் என்கிறார்கள். படத்தின் கட்டத்தைக் கவுண்ட்டால் வகுத்தால் முடிந்த அளவு வந்துவிடும். 14 கவுண்ட் என்றால் 150-ஐ 14-ஆல் வகுக்க 10.7 அங்குலம், 210-ஐ வகுக்க சரியாக 15. சட்டத்துக்குள் அழகாக உட்காரும்.

இது அப்பத்தாவுக்குத் தெரியாத கணக்கா என்ன? 15-க்கு 15 நேர்ப்புள்ளிக் கோலம் என்றால், புள்ளிக்குப் புள்ளி நாலு விரல் விட்டால் வாசல் நிறையும். இரண்டு விரல் விட்டால் பாதி வாசலில் முடிந்துவிடும். கோலம் அதேதான், புள்ளியும் அதேதான், இடைவெளிதான் வேறு.

பேத்தி மதுரையில் மேட்டித் துணி வாங்கினாள். கடைக்காரர் 14 என்றார். அவளும் ஸ்கேலை அகலவாக்கில் வைத்து ஓர் அங்குலம் எண்ணிப் பார்த்தாள். 14 இருந்தது. நீளவாக்கில் எண்ணவில்லை. (எண்ணியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை!)

அடிவாரத்திலிருந்து மேல்நோக்கித் தைத்துக்கொண்டே போனாள். புரட்டாசி போனது, ஐப்பசி போனது. ஒருநாள் துணியை விரித்துக் காட்டியபோது அப்பத்தா, "என்னத்தா, கோபுரம் வளந்துக்கிட்டே போகுது?" என்று கேட்டார். அப்போதுதான் அளந்தாள். 120 வரிசை முடிந்திருந்தது. எட்டரை அங்குலம் இருக்க வேண்டியது பத்து அங்குலம் இருந்தது. பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இல்லை. அகலவாக்கில் 14, நீளவாக்கில் 12. இப்படியே முடித்தால் உயரம் பதினேழரை. கலசம் சட்டத்துக்கு வெளியே நிற்கும். அது தவிர கோபுரமே ஒல்லியாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

பிரித்துவிட்டுத் துணியைத் திருப்பிப் போட்டால்? உயரம் 15 வரும், ஆனால் அகலம் 12-ஆல் வகுபட்டு பன்னிரண்டரை ஆகிவிடும். அரை அங்குலம் இடிக்கும். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மேட்டித் துணியே மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அளக்கிற விதம் ஒன்று இருக்கிறது. ஓர் அங்குலத்தை எண்ணினால் அரைக் கட்டம் தவறுவது சுலபம். நாலு அங்குலத்தை எண்ணி நாலால் வகுக்க வேண்டும், அதையும் இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். முதலில் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்குவது சுருங்கிய பிறகு எண்ணுவது இன்னும் நல்லது. நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் படம் எதுவும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. அவர்களுக்கு அடிப்படையே துணியின் இழைதான்.

இரண்டாவது முறை 16 கவுண்ட் ஏய்டா வாங்கினாள். 150-க்கு 9.4 அங்குலம், 210-க்கு 13.1. சட்டத்துக்குள் சுற்றிலும் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வெற்றிடம் நிற்கும். கோபுரத்தைச் சுற்றி ஆகாயம் வேண்டுமே! துணியை வெட்டும்போதும் ஒரு விஷயம். படத்தைச் சுற்றி மூன்று அங்குலம் விடு என்பார்கள். ஆனால் அட்டையில் இழுத்து மடிக்கத் துணி வேண்டியது படத்துக்கு வெளியே இல்லை, சட்டத்தின் உள்ளளவுக்கு வெளியே. 12-க்கு 16 சட்டம் என்றால் பக்கத்துக்கு இரண்டு சேர்த்து 16-க்கு 20 வெட்டுவதுதான் சரி. அப்படித்தான் வெட்டினாள். நாலாக மடித்து நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஆரம்பித்தாள். பத்துப் பத்துக் கட்டத்துக்கு வேறு நிறத்தில் ஓர் இழை ஓட்டி வைத்தாள். பிறகு உருவிவிடலாம்.

பரீட்சை குறுக்கே வந்தது. தை பிறந்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது, ஆனால் கலசம் வரவில்லை. சட்டத்தைப் பழைய சேலையில் சுற்றி அப்பத்தாவின் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். முடிந்ததும் துணியைத் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு.

முதல் துணியைக் குப்பையில் போட அப்பத்தா விடவில்லை. பத்து அங்குலத்தோடு நின்றுபோன அந்தத் தலையில்லாக் கோபுரத்தை நாலாக மடித்து, வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினார்.