சிறுமலை ஏற்றமும் சூடேறும் ஜீப்பும்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். டர்போ டீசல் ஜீப்புக்கு சிப் போட்டு, முன்னால் வின்ச்சும் விளக்குகளும் மாட்டியவர்களுக்கு அங்கேதான் பரீட்சை! கூடுதல் டீசல் எரிந்தால் கூடுதல் சூடு. முன்பக்கம் அடைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறைவு.

உடனே என்ஜினைப் பிரிக்காதீர்கள். மலையில் ஏறிய முள், மதுரை நான்குவழிச் சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன் மீது சந்தேகம். அங்கேயும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்போ தெர்மோஸ்டாட்டோ இருக்கலாம். வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைந்து, ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கெட்.

சூட்டோடு மூடியை மட்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காத தண்ணீர், திறந்ததும் குபீரென்று முகத்தில் அடிக்கும். ஆறும்வரை பொறுங்கள் மக்களே... சிறுமலை எங்கேயும் ஓடிப்போகாது!